அக்குளில் தூங்கிய செருப்பு

குருவம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு சோடி டயர் செருப்பு. சேரியிலிருந்து களையெடுக்கப் போகிற வழியில் பெரிய தெரு வந்தால், கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வாள். இடதுகால் செருப்புக்கு அதில் பரம சுகம்.

"தன் கால் சுட்டாலும் நம்மளச் சுமந்துட்டுப் போறா பாரு. அம்புட்டுப் பிரியம்!" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போகும்.

வலதுகால் செருப்பு ஒருநாள் சொன்னது: "நீ லாரி டயரு, உனக்குத் தெரியாது. நான் பண்ணையார் வீட்டு டிராக்டர்ல இருந்தப்ப இதே தெருவுல தெனமும் ஓடுனேன். யாரும் என்னக் கழட்டச் சொல்லலியே."

இடதுக்கு அது விளங்கவில்லை.

மறுநாள் தெருமுனையில் குருவம்மா குனிந்தாள். தூங்கத் தயாராகி இடதுகால் செருப்பு கண்ணை மூடிக்கொண்டது. ஆனால் அவள் விரல்கள் வாரை இறுக்கிவிட்டன. பாதம் தெருவுக்குள் ஓரடி வைத்தது. பிறகு நடந்தது.

"யாருடி அவ, செருப்போட போறவ?" என்று ஒரு வாசலிலிருந்து சத்தம் வந்தது.

"குருவம்மா" என்றாள், நிற்காமல்.

தெரு முடிந்ததும் இடது சிணுங்கியது. "அப்ப இனிமே நமக்குத் தூக்கமே கிடையாதா?"

"ஓடுற டயருக்குத் தூக்கம் எதுக்குடி?" என்று சிரித்தது வலது.