ஆள் கணக்கு

சுதந்திரம் வாங்கிய கையோடு புது நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்த வெள்ளைக்காரக் கனவான்கள், ஒரு சொல்லும் வெளியே கசியக் கூடாதென்று அந்தக் கோடையிலும் ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள்.

"வெளியாள் யாராவது உள்ள இருக்காங்களா?" என்று தலைவர் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லைங்க" என்றார் பண்ணைக்காரர் வித்தர்ஸ். அவருடைய அடிமை டைட்டஸ் பின்னால் நின்று விசிறிக்கொண்டிருந்தான்.

ஜனத்தொகையைப் பார்த்துத்தான் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சபையில் இடம் என்று பேச்சு வந்தது. வித்தர்ஸ் துள்ளி எழுந்தார்.

"எங்க அடிமைங்களையும் எண்ணணும். அவங்களும் மனுஷங்கதானே."

"அப்போ ஓட்டு குடுப்பீங்களா?" என்று எதிரே இருந்த ஒருவர் கேட்டார்.

"அடிமைக்கு எதுக்கு ஓட்டு?"

விசிறி நின்றது. வித்தர்ஸின் கழுத்தில் வியர்வை வழிந்தது. தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இவன் எப்ப உள்ள வந்தான்?"