தோட்டக்காரன் நிரபராதி

வரிசையில் நான்காவதாக நின்றேன். சட்டைப் பையில் பென்சில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஏகநாதனின் லெண்டிங் லைப்ரரி. மேஜைமேல் எங்கள் உறுப்பினர் அட்டைகளை வாங்கி அடுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் துப்பறியும் நாவல்கள் ஒரு குவியல். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில், கொலைகாரன் யார் என்று பென்சிலால் எழுதியிருந்தது.

நான்தான் எழுதினேன்.

வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக, எண்பத்தாறாம் வருடக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் 'கொலைகாரன் தோட்டக்காரன்' என்று எழுதித்தர வேண்டும். கையெழுத்து ஒத்துப்போனால் அட்டை கிழிக்கப்படும்.

அட்டை போனால் நான் செத்தேன். கல்லூரியைப் பாதியில் விட்டவன். ராத்திரி ஷிப்ட். பகலில் தூக்கம் வராது. புத்தகம் இல்லையென்றால் பீர்க்கன்கரணை அறையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தபடி சாயங்காலம்வரை வேகவேண்டும்.

இந்த விசாரணைக்குக் காரணம் வாழைக்காய் மண்டி சிட்டிபாபு. கொலைகாரனை முதலிலேயே சொல்லிவிட்டார்கள் என்பதல்ல அவருடைய புகார். தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்பது.

"இருநூறு பக்கம் அந்தத் தோட்டக்காரனையே மொறைச்சிக்கினு இருந்தேன் சார். கடைசில பார்த்தா அவன் பாட்டுக்கு ரோஜாவுக்குத் தண்ணி ஊத்திக்கினு கீறான்!"

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும்.

தப்பாகத்தான் எழுதுவேன். அதுவும் நல்ல புத்தகத்தில் மட்டும். நல்ல கதை, படியுங்கள் என்றால் எவனும் படிக்கமாட்டான். தோட்டக்காரன்தான் என்று எழுதிவைத்தால், அது சரியா என்று பார்க்கவாவது கடைசிப் பக்கம்வரை போவான்.

இது என் சொந்த யோசனை இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் இங்கே நான் எடுத்த முதல் புத்தகத்தில் 'கொலைகாரன் மருமகன்' என்று இருந்தது. அதில் 'ன்' எழுத்துகளின் வால் பல்லி வால்போலக் கீழே இறங்கிச் சுருண்டிருந்தது. ஆத்திரத்தில் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். மருமகன் இல்லை. மறுநாள் பென்சில் வாங்கினேன்.

ஏகநாதனிடம் எது நல்ல புத்தகம் என்று கேட்டுப் பயனில்லை. யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "எனக்கு இன்னா தெரியும்? நான் எங்க படிக்கிறேன்?"

குவியலை மறுபடி பார்த்தபோது ஏதோ இடித்தது. நான் எழுதியது பதினான்கு புத்தகங்களில். குவியலில் நாற்பது புத்தகங்களாவது இருக்கும்.

முதலில் சவுரிமுத்து சார். ரயில்வேயில் ஓய்வு பெற்று, சிட்லபாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். எழுதிக் கொடுத்தார். ஏகநாதன் அந்தத் தாளைப் புத்தகம் புத்தகமாக வைத்து ஒப்பிட்டார். ஒன்பதாவது புத்தகத்தில் நின்றார்.

"சார், நீங்களா?"

சவுரிமுத்து சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்து, டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்க்கும் சாவித்ரி. பென்சில் தாளைத் தொடும் முன்பே ஒப்புக்கொண்டார்.

"நல்ல புக்ல மட்டும்தான் எழுதினேன் சார். சும்மா படிங்கன்னு சொன்னா யாரு படிக்கறாங்க?"

உலகத்தில் எனக்கு மட்டும் தோன்றியதாக நினைத்துக்கொண்டிருந்த விஷயம். வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் நின்ற சிட்டிபாபு மெல்ல நழுவப் பார்த்தார். பிடித்து உட்காரவைத்தோம். எழுதினார். ஆறு புத்தகங்கள் ஒத்துப்போயின.

"யோவ், கம்ப்ளெய்ன்ட் குடுத்ததே நீதானேய்யா!" என்றார் ஏகநாதன்.

"ஆமா. நான் எழுதினத அடுத்தவன் நம்பணும். அதுக்காக அடுத்தவன் எழுதினத நம்பி நான் ஏமாறணுமா?"

நியாயம்தான். அதற்குமேல் யாராலும் நேராக நிற்க முடியவில்லை. சவுரிமுத்து சார் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு இருமி இருமிச் சிரித்தார். சாவித்ரி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். என் முறை வந்தபோது நான் தாளைத் தொடவேயில்லை. பையிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்களில் மூன்று பேர் தங்கள் பென்சிலையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஏகநாதன் மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாரு கார்டையும் கிழிச்சா, நான் கடைய மூடிக்கினு போவவேண்டியதுதான். பேஜார் பண்ணாம எடுத்துக்கினு கெளம்புங்க."

அட்டையை எடுத்துக்கொண்டேன். மேஜைக்குக் கீழே சணல் கயிறு பிரித்த கட்டு ஒன்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வந்த புதுப் புத்தகங்கள். இன்னும் யார் கைக்கும் போகாதவை. எண்கூட ஒட்டவில்லை. மேலே இருந்ததை உருவினேன்.

"இது எப்படி இருக்கும் அண்ணா?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் எங்க படிக்கிறேன்?"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பிரித்தேன்.

முதல் பக்கத்தில், 'கொலைகாரன் சமையல்காரன்.'

பென்சில் கரி விரலில் ஒட்டியது. இரண்டு பல்லி வால்கள்.

அட்டையை எடுத்துப் பார்த்தேன். நான் சேர்ந்த அன்று ஏகநாதன் தன் கையால் எழுதிய என் பெயர். சின்னப்பன். கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கிச் சுருண்டிருந்தது.

சமையல்காரன் இல்லை என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவன்மேல் ஒரு கண் வைத்தபடியே படித்ததில், பீர்க்கன்கரணையைக் கோட்டைவிட்டு வண்டலூரில் இறங்கினேன்.