காடைக் குஞ்சுகளின் நடனம்

காட்டில் எல்லோரும் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைப் பொதுக் களஞ்சியத்தில் போட்டு வைத்தார்கள். நல்ல காரியம் செய்பவர்களுக்கு அதிலிருந்து தானியம் கொடுப்பது அணிலின் பொறுப்பு.

காட்டுத் தீயில் தாயை இழந்த குஞ்சுகளை வளர்த்துவந்த காடை, கம்பு கேட்டு வந்தது.

“போன மாசமும் இதுக்குத்தானே வாங்கினீங்க?” என்றது அணில். “இந்தத் தடவை புதுசா என்ன செய்யப் போறீங்க? மைனா பாட்டுப் பள்ளிக்கூடம் தொடங்குது. உடனே கொடுத்துட்டோம்.”

“புதுசா ஒண்ணுமில்லைங்க. குஞ்சுகளுக்குப் பசிக்குது.”

“சரி, நானே வந்து பார்க்கிறேன்.”

அணிலைக் கண்டதும், தின்ன ஏதோ வருகிறது என்று குஞ்சுகள் துள்ளின, சிறகடித்தன, அதைச் சுற்றிச் சுற்றி ஓடின.

“அடடா, நடனம்! இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று அணில் கைதட்டியது.

மறுநாள் காலை ஒரு மூட்டை கம்பு வந்து இறங்கியது. கூடவே அணிலிடமிருந்து ஒரு செய்தியும் வந்தது: “தானியம் கொடுத்தவர்கள் எல்லோரும் சாயங்காலம் நடனம் பார்க்க வருகிறார்கள்.”

காடைக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூட்டையைப் புதருக்குள் இழுத்து மறைத்தது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. ‘பசி இருந்தாத்தான் துள்ளும். சாயங்காலம் வரைக்கும்தானே, பொறுக்கட்டும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. ஒரு குஞ்சு பசியில் முனகியதும் ஓடிப்போய் மூட்டையை அலகால் கிழித்துக் கொட்டியது.

சாயங்காலம் அணில் கூட்டத்தோடு வந்தது. “எங்கே நடனம்?”

“மெதுவாப் பேசுங்க” என்றது காடை. “இப்பத்தான் வயிறு நிறைஞ்சு தூங்குதுங்க.”