பொறுமையான டீச்சர் வேணும்

"மி ஃபா... ஃபா..."

'என் குடும்பம்' என்று ஸ்பானிஷில் சொல்ல வந்த தர்மினிக்கு வாய் திக்கியது. முடிக்க விடவில்லை, பரீட்சைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஜீவன் சார். படாரென்று அடுத்த ஸ்பானிஷ் கேள்வியைத் தூக்கிப் போட்டார்.

கதவுக்கு வெளியே நின்ற சாந்தினிக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பெற்ற பிள்ளையின் பேச்சை ஒருத்தர் வெட்டுவது எந்த பாஷையிலும் தெரியும். உள்ளே மறுபடி ஒரு திக்கல். மறுபடி ஒரு வெட்டு.



நாளைக்கு மேல்நிலை ஸ்பானிஷ் வாய்மொழிப் பரீட்சை. பள்ளி ஆசிரியரே கேள்வி கேட்பார். அந்தப் பேச்சைப் பதிவு செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். முகம் தெரியாத யாரோ கேட்டு மார்க் போடுவார்கள். ஸ்பெயின் யுனிவர்சிட்டியில் தர்மினிக்கு வைத்திருக்கும் இடம் அந்த மார்க்கில்தான் தொங்குகிறது.

கெலாங் பாத்தா ஊரின் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் சாந்தினி காரில் ஆரம்பித்தாள்.

"அந்த ஆளு எப்பவும் இப்படித்தானா?"

"இல்லம்மா. சார் வ... வந்து..."

"வந்து என்ன வந்து? ஏசறாரு, அதானே?"

"அதில்லம்மா, அ... அவரு..."

"பயப்படாதே தர்மி. தண்ணி குடி. நான் பாத்துக்கறேன்."

தர்மினி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

சாந்தினியின் பயம் இன்று நேற்றுப் பயமில்லை. ஆரம்பப் பள்ளியில் ஒரு டீச்சர், வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி தர்மினி மாதிரியே திக்கிக் காட்டியிருக்கிறாள். குழந்தைக்கு அன்றிரவு காய்ச்சல். அதிலிருந்து வாத்தியார் என்றாலே சாந்தினிக்கு நெஞ்சு படபடக்கும்.

சிங்கப்பூரிலிருந்து வேலை முடிந்து வந்துகொண்டிருந்த கணவன் தேவானந்தன், புகார் கொடுக்கப் போவதாக அவள் சொன்னதும் போனில் கத்தினான். "பேசாம இரு லா. நாளைக்குப் பரீட்சைய வெச்சுக்கிட்டு இப்பப் போய் சண்டை போடுவியா?"

"நீங்க லிங்க் பாலத்து ஜாம்ல நிம்மதியா உக்காந்துக்கிட்டு பேசறீங்க. காதால கேட்டவ நான்."

மறுநாள் காலை, துணைத் தலைமையாசிரியை நிர்மலாதேவியின் அறையில் போய் நின்றாள்.

"டீச்சர், அந்த சாருக்குப் பொறுமையே கிடையாது. எம்பிள்ளைய ஒரு பேச்சு முழுசா பேச விடமாட்டேங்கிறாரு. பரீட்சையிலயும் இப்படியே செஞ்சா அவ கதி?"

"மிஸஸ் தேவா, வருஷ ஆரம்பத்துலயே டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டோமே. குடுத்திருந்தா அவளுக்குக் கூடுதல் நேரம் கிடைச்சிருக்கும்."

"எதுக்கு? திக்குவாய்னு பிள்ளை மேல முத்திரை குத்தவா? அந்தப் பேரு வெளியில யாருக்கும் தெரிய வேணாம்னு அன்னிக்கே சொன்னேன். எனக்கு வேண்டியது பொறுமையான ஒரு டீச்சர். அவ்வளவுதான். இல்லேன்னா புகார் குடுப்பேன். ஃபேஸ்புக்லயும் போடுவேன்."

ஃபேஸ்புக் என்றதும் நிர்மலாதேவி ஜீவன் சாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

ஜீவன் சாரின் முகம் செத்துப்போனது.

"டீச்சர், இன்னிக்கு ஒருநாள் மட்டும் நானே செய்யறேன். பரீட்சை முடியட்டும். அப்புறம் என்மேல என்ன புகார் வேணும்னாலும்..."

"எம்பிள்ளைய ஏன் குறுக்க குறுக்க வெட்டறீங்க? அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க," என்றாள் சாந்தினி.

ஜீவன் சார் அவளைப் பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நிர்மலாதேவியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா டீச்சர்? பதிலே இல்ல."

கீழ் வகுப்புகளுக்கு ஸ்பானிஷ் எடுக்கும் மிஸ் எலேனாவை மாற்றிப் போட்டார்கள். சொந்த ஊரே ஸ்பெயின். பார்த்தாலே சாந்தமான முகம். சாந்தினிக்குப் பாதி உயிர் திரும்பியது.

பரீட்சை அறைக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தாள்.

மிஸ் எலேனா ஒரு கேள்வி கேட்டார். தர்மினி உதடு துடித்தது. மிஸ் எலேனா கன்னத்தில் கைவைத்து, சிரித்த முகத்தோடு காத்திருந்தார். அவசரமே இல்லை. குறுக்கே ஒரு சொல் இல்லை. அடுத்த கேள்வி. மறுபடி அதே சிரிப்பு, அதே காத்திருப்பு.

சாந்தினிக்குக் கண் கலங்கியது. 'இப்படி ஒரு டீச்சர் அன்றைக்கே கிடைத்திருந்தால்!'

தேவானந்தனுக்கு மெசேஜ் தட்டினாள்: "ஆள மாத்திட்டாங்க. எல்லாம் நல்லா போகுது."

கதவு திறந்தது. தர்மினியின் முகமெல்லாம் ஈரம்.

"என்ன தர்மி? அந்த டீச்சரும் ஏசினாங்களா?"

"இ... இல்லம்மா. நான் திக்குனப்ப எல்லாம் பொ... பொறுமையா காத்திருந்தாங்க."

"நல்லதுதானே? அதுக்கு ஏன் அழறே?"

"ரெ... ரெக்கார்டிங் ஓடிக்கிட்டே இருந்துச்சும்மா."

சாந்தினிக்குப் புரியவில்லை. ஆனால் என்றைக்குமில்லாமல் அன்று, மகள் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் நின்றாள்.

"எனக்குத் தி... திக்குவாய்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அதனாலதாம்மா ஜீவன் சாரு, என் வாய் அடைக்கற நேரம் பாத்து, தான் அவசரப்படற மாதிரி குறுக்க பேசி, ரெக்கார்டிங்ல அது கேக்காம ம... மறைக்கப் பழகிக்கிட்டு இருந்தாரு."