குண்டனுக்கு இன்னொரு கூடை

"குண்டனுக்குப் புல்லைக் குறை, இசை. வயிறு தரையைத் தொடுது பாரு," என்றான் அரவிந்தன்.

மன்னார்குடியில் அவர்கள் வளர்த்த இரண்டு கினிப்பன்றிகளில் குண்டன்தான், கூண்டில் தொங்கிய கம்பிக்கூடைப் புல்லை முழுக்கத் தின்றுவிடுவான். சின்னவன் மெலிந்துகொண்டே போனான்.

"குறைச்சா, மென்னு தேயாம பல்லு நீண்டுரும்ங்க. ரெண்டு பேரும் சாப்பிடட்டும்."

இசைவாணி எதிர்மூலையில் இன்னொரு கூடையை மாட்டி, வரப்பில் அறுத்துக் காயவைத்த புல்லை நிரப்பினாள்.

"இன்னும் ஊதப் போறான். அப்புறம் நீதான் அழுவே."

பத்தாம் நாள் காலையில் அரவிந்தன் அலறினான்.

"இசை, ஓடி வா! குண்டன் மூணு குட்டி போட்டிருக்கான்! ரெண்டும் ஆணுன்னுதானே கடைக்காரர் சொன்னாரு?"

பிறக்கும்போதே கண் திறந்திருந்த மூன்று குட்டிகளையும் பார்த்த இசைவாணி, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க. புள்ளத்தாச்சியையா பட்டினி போடச் சொன்னீங்க?"