அழியாத மையில் ஒரு பூ

“புத்தம் புது ஸ்மார்ட் போர்டுல மார்க்கரால கிறுக்கின மகானுபாவர் யாருங்க? கெடுத்தவங்க யாரோ, அவங்களே சரி பண்ணணும்.”

பயிற்சியாளர் போட்ட சத்தத்தில் ஆசிரியர்கள் கப்சிப்.

அந்தப் போர்டுக்கென்று தனிப் பேனா உண்டு. அதைச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இப்போது திரை நடுவே, அழியாத மையில் ஒரு பூவின் குறுக்குவெட்டுப் படம். சூலகம், மகரந்தம் என்று அம்புக்குறி வேறு.

செய்தவரைத் தேறாத கேஸ் என்று நிர்வாகத்துக்கு எழுதிவிடப் போவதாக அவர் மிரட்டினார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும், வேலைக்கு வேட்டு.

“நான்தான் சார்” என்று எழுந்தார் கணக்கு டீச்சர்.

பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி. வயசானால் வீட்டில் உட்கார வேண்டியதுதானே என்பது வரை போய்விட்டார். டீச்சரோ வேறு யாரையோ திட்டுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம், மறந்துபோன சார்ஜரை எடுக்க வகுப்புக்குத் திரும்பினார் பயிற்சியாளர். டீச்சர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதிப் பூ போயிருந்தது. மீதிப் பூவைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்தது.

“ஏன் டீச்சர், கணக்குப் பாடத்துல பூ எங்கேருந்து வந்தது?”

டீச்சர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அந்தப் புது சயின்ஸ் டீச்சரா?”

“யாரா இருந்தா என்ன சார்? நான் இந்த மாசத்தோட ரிட்டயர்டு. நீங்க எழுதினா என் தலையையா எடுத்துடுவாங்க?”

“தெரியலைன்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டாளே. முதல் நாளே, எந்தப் பேனா சார்னு கேட்டா. இதுகூடத் தெரியாம எப்படி டீச்சரானீங்கன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். அதோட அவ வாயைத் திறக்கறதில்லை.”

பயிற்சியாளர் பஞ்சுக்குக் கை நீட்டினார். டீச்சர் தரவில்லை.

“இதை நான் பார்த்துக்கறேன். கெடுத்தவங்கதான் சரி பண்ணணும்னு காலையில சொன்னீங்களே சார். நாளைக்கு எல்லார் முன்னாடியும், அந்தப் பொண்ணை மறுபடி கேள்வி கேட்க வையுங்க.”