ஆள் வருது

எனக்கு இது ஏழாவது கப்பல் பயணம். மேல்தளத்து நாற்காலிகளில் விடியும் முன்பே துண்டு போட்டுவிட வேண்டும் என்று முதல் நாளே ஊரைக் கூட்டி யோசனை சொன்ன மேதாவி நான்தான். இன்று தூங்கிப்போனவனும் நானே. நாற்காலிதோறும் துண்டுகள் மல்லாந்து வெயில் காய்கின்றன. உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர்கூட இல்லை. மூட்டுவலியோடு படியேறி வந்த என் மனைவி வேதவல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அநியாயமா இருக்கே, யாருங்க இருக்கா இதுல?" என்று கத்தினேன்.

"ஆள் வருது சார்," என்றார் துண்டுகளுக்குக் காவல் நின்ற சக பயணி தணிகாசலம்.

"காலையிலேருந்து வருதா? நீந்தியா வருது?"

வேதவல்லி எங்களைக் கண்டுகொள்ளவில்லை. ஓரத்துத் துண்டிடம் குனிந்து, பஸ்ஸில் கேட்பதுபோல, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள்.

துண்டு தள்ளி உட்கார்ந்தது.